சாகத் துடித்த கிருமி

மனித உடம்புக்குள் ஒரு அரசாங்கம் நடக்கிறது, அது இரவு பகல் பாராமல் உழைக்கிறது என்று சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்தபோது முள்ளோடைக்குறிச்சி வட்டாரச் சுகாதார அலுவலகத்தில் ஒருவரும் நம்பவில்லை. அரசாங்கம் என்பது சரி. இரவு பகல் பாராமல் என்பதுதான் இடித்தது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கரிசல் காட்டுப் பாதையில் ஒரு மைல் நடந்தால் அந்த ஆபீஸ் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருஷம் அது. ஜனங்களுக்குத் தடுப்பூசியின் அருமை தெரியவில்லை, ஆகவே உடம்பில் உள்ள நோய் எதிர்ப்புப் படையை, அதன் செல்கள் திசுக்கள் சகிதமாக, ஊழியர்களே வேஷம் கட்டி நடித்துக் காட்ட வேண்டும், இணை இயக்குநர் நேரில் வந்து பார்ப்பார் என்பது உத்தரவு. கூடவே எந்தச் செல் என்ன செய்யும் என்று பதினாறு பக்கத்துக்கு ஒரு குறிப்பும் இருந்தது.

மேற்பார்வையாளர் ராசாங்கம் அந்தக் குறிப்பை மூன்று நாள் படித்தார். படித்துவிட்டு வேஷங்களைப் பிரித்துக் கொடுத்தார். எல்லாருக்கும் கட்டளை போடும் செல்லுக்கு 'உதவி டி செல்' என்று பெயர் போட்டிருந்தது. அதைத் தனக்கே வைத்துக்கொண்டார், ஆனால் பெயர் பிடிக்கவில்லை. "பத்தொம்பது வருஷம் உதவியாளரா இருந்து போன தையிலதான் மேற்பார்வையாளரா வந்தேன். மறுபடியும் உதவியா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, சிவப்பு மையால் 'தலைமை டி செல்' என்று திருத்திக் கையெழுத்தும் போட்டார். இயற்கையிடமிருந்து இதற்கு இதுவரை பதில் வரவில்லை.

கிருமியை முழுசாக விழுங்கும் 'பெருவிழுங்கி' செல்லுக்கு ஸ்டோர் கீப்பர் வேம்பு. உருவத்தைப் பார்த்தே எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கிருமியை மடக்கும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பி செல்லுக்கு டைப்பிஸ்ட் செங்கமலம். ஒன்றுமில்லாததற்கெல்லாம் வீங்கிக் கூப்பாடு போடும் மாஸ்ட் செல்லுக்குக் கிளார்க் நல்லுசாமி. அவருக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. முதல் ஆளாக ஓடிக் கிருமியோடு கட்டிப் புரண்டு முதல் ஆளாகச் சாகிற சாதாரண வெள்ளை அணுக்களுக்கு, கொசு மருந்து அடிக்கும் தினக்கூலிகள் பன்னிரண்டு பேர். சாவதற்குத் தினக்கூலிதான் தோது என்பதில் அந்த ஆபீஸில் இரண்டாவது கருத்து இருக்கவில்லை.

நம்மவன் யார், அந்நியன் யார் என்று டி செல்களுக்குப் பாடம் நடத்துகிற இடம் தைமஸ் என்ற சுரப்பி. நூறு பேர் சேர்ந்தால் தொண்ணூற்றெட்டுப் பேரைத் தோற்கடித்து அனுப்பும் கண்டிப்பான பள்ளிக்கூடம் என்று குறிப்பில் எழுதியிருந்தது. ராசாங்கம் பின்கட்டு அறையில் தைமஸ் நடத்தினார். இருபது பேர் சேர்ந்தார்கள், பதினெட்டுப் பேர் தோற்றார்கள். தேறிய இரண்டு பேரும் அவருடைய மச்சினன்மார். அவர்கள் படித்த பாடம் ஒரே வரி: பேட்ஜ் குத்தியவன் நம்மவன், குத்தாதவன் அந்நியன்.

எல்லாம் சரி, கிருமி வேஷத்துக்கு ஆள் இல்லை. "நாளைக்குப் புரமோஷன் வர்றப்ப, இவன் கிருமியா இருந்தவன்னு எவனாச்சும் மொட்டைக் கடுதாசி போட்டா என்னங்க பண்றது?" என்று வாட்ச்மேன்கூட மறுத்துவிட்டான்.

விழா நாள் காலையில், அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் அய்யம்பெருமாள்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றுகிற ஆள். மனைவி மலர்க்கொடி இடுப்பில் நாலு மாதக் குழந்தை அம்சவள்ளி. முத்தடுப்பு ஊசிக்காக மூன்றாவது தடவையாக வருகிறார்கள். முதல் தடவை வந்தபோது ஐஸ் இல்லை. இரண்டாவது தடவை ஐஸ் இருந்தது, நர்ஸ் இல்லை. வேறு ஊரில் ஒரு கூட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று நாற்காலியில் உட்கார அவரை அழைத்துப் போயிருந்தார்கள். இதற்குள் பக்கத்துத் தெருவில் தொண்டை அடைப்பான் கண்டு இரண்டு குழந்தைகள் போய்விட்டன. மூச்சுக்குத் தவித்த அந்தச் சத்தம் அய்யம்பெருமாளுக்குச் சுவரைத் தாண்டிக் கேட்டது. அன்றிலிருந்து ராத்திரியில் அம்சவள்ளி ஒரு தடவை இருமினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

இன்றைக்கு எல்லாம் இருந்தது. லப்பைக்குடிகாட்டிலிருந்து வரும் நர்ஸ் பத்ருன்னிசா, முதல் பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியிருந்தார். "மூணு மணிக்குள்ள போட்டாகணும் தம்பி. அதுக்கு மேல ஐஸ் தாங்காது, மருந்து வீணாப் போயிடும். அடுத்த மருந்து வர ரெண்டு மாசம் ஆவும்" என்றார். அப்போது மணி பதினொன்று.

"அப்ப இப்பவே போட்ருங்க நர்சம்மா."

"நான் போடத் தயாருப்பா. பெட்டி என் கையில இல்லையே."

பெட்டி மேடையில் இருந்தது. அதற்கு மாலை போட்டு, 'இதயம்' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே! ராசாங்கம் நிகழ்ச்சி நிரலை எடுத்து நீட்டினார். "பாரு. கிருமி சாவறது ஐட்டம் பதினாலு. ஊசியைத் தொடங்கி வைக்கிறது ஐட்டம் பதினஞ்சு. இணை இயக்குநர் வராம, கிருமி சாவாம, இந்தப் பெட்டிய எவனும் தொடக்கூடாது."

"கிருமி எப்பங்க சாவும்?"

"கிருமிக்கே ஆள் கிடைக்கல, நீ சாவறதப் பத்திக் கேக்கற" என்றவர், திடீரென்று அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஆமா, நீ இந்த ஆபீஸ் ஆளா?"

"இல்லீங்க. வெளியாளுங்க."

"கிருமின்னாலே வெளியாள்தான். விதிப்படி சரியா இருக்கு" என்று சந்தோஷமாகத் தொடையில் தட்டினார் ராசாங்கம்.

மலர்க்கொடிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, புள்ளைக்கு ஊசி போட வந்த எடத்துல நீங்க எதுக்குச் சாவணும்?"

"புள்ளைக்காகத்தான் புள்ள. நான் எவ்வளவு வெரசா சாவறேனோ அவ்வளவு வெரசா ஊசி. நீ போயி வரிசையில மொதல்ல நில்லு. அஞ்சு நிமிசத்துல செத்துட்டு வந்துடறேன்."

நிலக்கடலைச் சாக்கு ஒன்றைக் கரி பூசிக் கழுத்தில் மாட்டினார்கள். கிருமிக்கு மேலெல்லாம் முள் இருக்க வேண்டும் என்று, ஓடைக்கரையில் பறித்த ஊமத்தங்காய்களைச் சாக்கு முழுக்கக் கோத்துவிட்டார்கள். பேட்ஜ் இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கிடையாது, பட்டினி போட்டு நடிக்க வைத்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்று யோசித்து, ராசாங்கமே அவனுக்கும் ஒரு பேட்ஜ் கொடுத்தார். தொலைத்துவிடப் போகிறான் என்று கோணி ஊசியால் சாக்கோடு சேர்த்துத் தைக்கவும் செய்தார்.

பன்னிரண்டு மணிக்கு வரவேண்டிய இணை இயக்குநர் ஒன்றேகால் மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை. கழுத்தில் செண்டுமல்லி மாலையைப் போட்டு, கையில் மரியாதையாக ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். அவருக்கென்று சரிகை வைத்த பெரிய பேட்ஜ் திருச்சியில் செய்யச் சொல்லியிருந்தது, வந்து சேரவில்லை. சாதாரண பேட்ஜைக் குத்தினால் மரியாதைக் குறைவு என்று, ஒன்றுமே குத்தாமல் விட்டார்கள்.

திடலைச் சுற்றிக் கட்டிய முள்வேலிதான் தோல். தோலில் காயம் இருந்தால்தானே கிருமி நுழைய முடியும்? வேலியில் ஒரு இடைவெளி விட்டு, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"இப்போது காயத்தை நமது மதிப்பிற்குரிய இணை இயக்குநர் அவர்கள் திறந்து வைப்பார்கள்!" என்று மைக்கில் முழங்கினார் ராசாங்கம்.

இணை இயக்குநர் கத்தரியால் ரிப்பனை வெட்டினார். கைதட்டல் ஓய்வதற்குள் அய்யம்பெருமாள் உள்ளே பாய்ந்தான். மருந்தடிப்பவர்கள் பன்னிரண்டு பேரும் எதிரே பாய்ந்தார்கள். ஐயோ, அது அல்லவா வேகம்! தினமும் சாக்கடையில் இறங்கி ஏறுகிற கால்கள். அரை நிமிஷத்தில் அவனைக் குப்புறத் தள்ளி மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

"செத்துட்டேன் சார்!" என்று அடியிலிருந்து ஆனந்தமாகக் கத்தினான் அய்யம்பெருமாள். மணி ஒன்று நாற்பது. ஜனங்கள் விசில் அடித்தார்கள். மலர்க்கொடி குழந்தையின் சட்டையைக்கூட ஒதுக்கிவிட்டாள்.

"நிறுத்து!" ராசாங்கம் மேடையிலிருந்து குதித்து வந்தார். "யாரைக் கேட்டுச் செத்த?"

"புடிச்சுட்டாங்களே சார்."

"மூணாவது ஐட்டத்துல நீ செத்துட்டா மீதி ஐட்டத்துக்கெல்லாம் நாங்க என்ன பண்றது? பெருவிழுங்கி இருக்காரு, நிணநீர் முடிச்சு இருக்கு, நான் ஒருத்தன் இருக்கேன். தினக்கூலி புடிச்சுக் கிருமி செத்ததுன்னு வரலாறு எழுதறதா? எந்திரி!" பிறகு மருந்தடிப்பவர்கள் பக்கம் திரும்பினார். "செத்தது நீங்கதான். குறிப்புல அப்படித்தான் இருக்கு. ஓரமாப் போயி சீழாப் படுங்க."

"சீழுக்குச் சாப்பாடு உண்டுங்களா?" என்று ஒருவன் கேட்டான். அதற்கு உத்தரவு எதுவும் இல்லை. பன்னிரண்டு பேரும் வேலியோரம் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள்.

அய்யம்பெருமாள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு பெருவிழுங்கியிடம் ஓடினான். ஒரு பெரிய கொசுவலைக்குள் வேம்பு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கொசுவலைதான் அவர் வயிறு. அதற்குள்ளே அவருடைய நிஜ வயிற்றுக்குத் தயிர்சாதம் போய்க்கொண்டிருந்தது.

"உள்ள வாப்பா. விழுங்கிட்டேன்னு வெச்சுக்க" என்றார் வாயை மூடாமலே.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும், சட்டுனு செரிச்சுடுங்க சார்."

"செரிக்கிறது என் அதிகாரத்துல இல்லப்பா. விழுங்கலாம், அவ்வளவுதான். உன்கிட்டேருந்து ஒரு துண்டு எடுத்து, ரிஜிஸ்டர்ல ஏத்தி, நிணநீர் முடிச்சுக்கு அனுப்பணும். அங்கேருந்து உத்தரவு வந்தாத்தான் செரிப்பு."

"அப்ப துண்டை எடுங்க சார், மணி ஆவுது."

"சாப்பிடற நேரத்துல அவசரப்படுத்தாத. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் எத்தனையோ விழுங்கியிருக்கேன், ஒருத்தரும் இப்படி அவசரப்படுத்தினதில்ல" என்றார் வேம்பு. அதில் பொய் ஒன்றுமில்லை. ஸ்டோரில் பினாயில், பஞ்சு, குளோரின் பவுடர் எல்லாமே அப்படித்தான் காணாமல் போயிருந்தன.

கையைக் கழுவிவிட்டு ஒரு ஊமத்தங்காயைப் பிடுங்கினார். சுருக்கென்று குத்தியது. "சனியன்!" என்று தூக்கி எறிந்தவர், வரவேற்புத் தட்டில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, 'கிருமித்துண்டு – ஒன்று' என்று சீட்டு ஒட்டினார்.

"சார், அது என் துண்டு இல்லீங்களே."

"உருண்டையாத்தானே இருக்கு? போ, போ."

நிணநீர் முடிச்சு என்பது பத்துப் பேர் நிற்கக்கூடிய ஒரு துணிப் பந்தல். அங்கேதான் காபி கொடுக்கிறார்கள் என்று தெரிந்து, அக்கம்பக்கத்து ஆபீஸ்களிலிருந்தெல்லாம் ஊழியர்கள் பேட்ஜ் வாங்கிக் குத்திக்கொண்டு வந்து நுழைந்துவிட்டார்கள். நாற்பது பேர். நாலு பக்கமும் துணி புடைத்துக்கொண்டு நின்றது. உடம்பில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது இதனால்தான் என்று வேடிக்கை பார்த்த ஜனங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. விழாவால் கிடைத்த ஒரே கல்வி அது.

உள்ளே செங்கமலம் ஒரு குவியல் வேப்பங்கவைக்குச்சிகளோடு உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பொருள் இரட்டைக் கிளையாக இருக்குமாம், அந்தக் கிளைக்குள் கிருமியின் முள் கச்சிதமாகச் சிக்க வேண்டுமாம். எலுமிச்சம்பழத்தை வைத்து அளந்து பார்த்தாள். நேர்மையான பெண், அளந்தவுடன் சந்தேகம் வந்துவிட்டது.

"சார், இவரு மேல இருக்கிறது முள்ளுக்காய். சாம்பிள் வழுவழுன்னு இருக்கே?"

ராசாங்கம் எரிந்து விழுந்தார். "சாம்பிளுக்கு நம்பர் போட்டாச்சு. கிருமிக்கு நம்பர் இருக்கா? எதும்மா ஆதாரம்? பழத்துக்குப் பொருந்தற மாதிரி குச்சிய ஒடிச்சு ஆளுக்கொண்ணு குடு."

"சார், நான் இங்கதான் சார் நிக்கறேன்" என்றான் அய்யம்பெருமாள். மணி இரண்டே கால். "உத்தரவு மட்டும் போட்ருங்க சார். இங்கயே விழுந்து செத்துடறேன்."

"உத்தரவு போடறதுக்கு முன்னால உரை இருக்கு" என்று மைக்கைக் கையில் எடுத்தார் தலைமை டி செல்.

"பெரியோர்களே, தாய்மார்களே! உடம்பு என்பது என்ன? ஒழுங்குமுறை! கிருமி வருகிறது. கண்ணெதிரே நிற்கிறது. எல்லாருக்கும் தெரிகிறது. ஆனால் அது கிருமி என்று நான் சொல்ல வேண்டும். நான் சொல்லும்வரை அது ஒரு மனுதாரர்! கிருமி முக்கியமா, கோப்பு முக்கியமா என்று சிலர் கேட்கலாம். கிருமி இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். கோப்பு நிரந்தரம். உடம்பே போனாலும் கோப்பு இருக்க வேண்டும். ஏன் போனது என்று மேலிடத்தில் கேட்டால் எதைக் காட்டுவது? ஆகவே நான் உத்தரவு போடாமல் இந்த உடம்பில் ஒரு தும்மல்கூட வரக்கூடாது!"

"அச்!" என்றார் நல்லுசாமி.

இணை இயக்குநரின் செண்டுமல்லி மாலைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள் அவரை. மகரந்தம் மூக்கில் ஏறிவிட்டது. மாஸ்ட் செல் தும்மினால் என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பில் தெளிவாக இருந்தது, நல்லுசாமி அதை மனப்பாடம் செய்திருந்தார். "ஆபத்து! ஆபத்து! பூ வந்துருச்சு!" என்று அலறிக்கொண்டே, வீக்கத்தைக் காட்டுவதற்காக நிறுத்தியிருந்த ஆறு டிரம் தண்ணீரையும் எட்டி உதைத்துக் கவிழ்த்தார்.

கரிசல் மண் காய்ந்திருக்கும்போது பரம சாது. நனைந்ததோ, பிடித்த காலை விடாது. திடல் நிமிஷத்தில் களிச்சட்டியாகிவிட்டது. காபி டம்ளர்களோடு நாற்பது பேர் கணுக்கால்வரை புதைந்தார்கள். ராசாங்கம் இரண்டு காலும் சிக்கி நட்ட கல்லாக நின்றார். மைக் மட்டும் கையில் இருந்தது. நிலைமை கைமீறுவதைப் பார்த்து, ஒரு வழியாக உத்தரவு போட்டார்.

"அந்நியனைப் பிடி!"

மச்சினன்மார் இரண்டு பேரும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் பாய்ந்து வந்தார்கள். கவைக்குச்சிக்காரர்களும் கிளம்பினார்கள். அய்யம்பெருமாள் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான்.

"அண்ணே, இங்க! நான்தாண்ணே கிருமி!"

பெரிய மச்சினன் அவன் மார்பை உற்றுப் பார்த்தான். "பேட்ஜ் போட்டிருக்கியே தம்பி. நம்ம ஆளு. ஓரமா நில்லு, அடி கிடி பட்டுடப் போவுது."

அய்யம்பெருமாள் பேட்ஜைப் பிய்க்கப் பார்த்தான். கோணி ஊசித் தையல் அசையவில்லை. அதற்குள் அவர்கள் கண் திடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பேட்ஜ் இல்லாத ஆள் ஒரே ஒருவர்தான். அவர் கையிலே, நம்பர் போட்ட சாம்பிளைப் போலவே, அச்சு அசலாக ஒரு எலுமிச்சம்பழம்!

அடேயப்பா, அப்புறம் கேட்கவா வேண்டும்! வேலியே பயிரை மேய்ந்தது. மச்சினன்மார் ஆளுக்கொரு கையைப் பிடித்து இணை இயக்குநரைச் சேற்றுக்குள் இறக்கினார்கள். கவைக்குச்சிக்காரர்கள் சுற்றி வளைத்து, பழத்தை எல்லாப் பக்கமும் மடக்கினார்கள். குச்சிகள் பழத்துக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தின. வேம்பு கொசுவலையோடு வந்து அவர் தலையில் கவிழ்த்தார்.

"டேய், நான் ஜாயிண்ட் டைரக்டர்டா!" என்று வலைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"கிருமி எந்த வேஷம் வேணாலும் போடும்னு தைமஸ்ல சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றான் சின்ன மச்சினன், பிடியை விடாமலே.

மணி இரண்டு நாற்பது. அய்யம்பெருமாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன மாதிரி ஊர் இது? பாறையைப் புரட்டுகிற ஆள், பெற்ற பிள்ளைக்காகச் சாகிறேன் என்று காலில் விழுகிறான், கொல்வதற்கு ஒரு நாதி இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மலர்க்கொடி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பின்னால் இன்னும் பத்துப் பதினோரு தாய்மார்கள். அம்சவள்ளி லேசாக இருமினாள்.

போதும் என்று ஆகிவிட்டது அவனுக்கு. சாகிற யோசனையை விட்டான். மலர்க்கொடியைப் பார்த்துக் கையசைத்து, "வா புள்ள!" என்று கூப்பிட்டுவிட்டு, சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து மேடையைப் பார்த்து நடந்தான். நிணநீர் முடிச்சைக் கடந்தான், ஒருவரும் தடுக்கவில்லை. பேட்ஜைப் பார்த்து ஒருவர் காபி வேண்டுமா என்று கேட்டார். இதயத்துக்குப் போட்டிருந்த காவலன் நகர்ந்து வழிவிட்டான். உடம்பெல்லாம் முள்ளோடு ஒரு கிருமி இதயத்தில் ஏறி நின்றது.

பெட்டிக்குப் பக்கத்தில், காலையிலிருந்து அசையாமல், பத்ருன்னிசா உட்கார்ந்திருந்தார்.

"நர்சம்மா, நான் சாவலீங்க. கொல்ல ஆள் இல்லீங்க."

"பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார் அவர். மாலையை உருவிப் போட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தார். "யா அல்லா! இதை எவன் வெச்சான்?" உள்ளே நாலு கோலி சோடா. இணை இயக்குநருக்குச் சில்லென்று கொடுப்பதற்காக யாரோ ஐஸுக்குள் செருகியிருந்தார்கள். சோடாவை எடுத்துக் கீழே வைத்தார். அடியில், உருகியது போக ஒரு கைப்பிடி ஐஸ். அதில் சாய்ந்தபடி மருந்துக் குப்பி. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இன்னும் சில்லிட்டது.

"ஐட்டம் பதினாலு முடியலம்மா! கிருமி சாவலம்மா!" என்று சேற்றிலிருந்து மைக்கில் கதறினார் ராசாங்கம். "மெமோ குடுப்பேன்!"

"குடுங்க சார், நாளைக்கு வந்து வாங்கிக்கறேன். மருந்து மூணு மணிக்குச் செத்துடும். அது உங்க உத்தரவுக்குக் காத்துக்கிட்டு இருக்காது."

ராசாங்கம் வந்து தடுத்திருப்பார். கரிசல் மண் விடவில்லை.

காலையில் கொதிக்க வைத்த ஊசிகள் தயாராக இருந்தன. அவன் கால் வைத்த தடத்திலேயே வந்து ஏறியிருந்த மலர்க்கொடி குழந்தையை மடியில் கிடத்தினாள். அய்யம்பெருமாள் கிட்டே வரப் பார்த்தான், முள் குத்தும் என்று மலர்க்கொடி விரட்டினாள். பத்ருன்னிசா "பிஸ்மில்லா" என்று சொல்லித் தொடையில் குத்தினார். அம்சவள்ளி ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீறிட்டாள். அந்தக் கத்தலைக் கேட்க அய்யம்பெருமாளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி மாளாது. சாக்கைக் கிழித்து எறிந்துவிட்டு, சேற்றில் படுத்திருந்த சீழ் பன்னிரண்டு பேரையும் எழுப்பினான். அவர்கள் ஆளுக்கொரு தாயைக் கைப்பிடித்துச் சேற்றைத் தாண்டி மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். கடைசிக் குழந்தைக்கு ஊசி போட்டபோது மணி மூன்றுக்கு இரண்டு நிமிஷம்.

இணை இயக்குநரைக் கழுவித் துண்டு போர்த்தி உட்கார வைத்தார்கள். சோடா குடித்தார். நிதானத்துக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கிருமி செத்ததா, இல்லையா? நான் மேலே அறிக்கை அனுப்பணும்."

சாகவில்லை என்று எழுத முடியாது. செத்தது என்று எழுதினால், யார் கொன்றது என்ற கேள்வி வரும். அதற்குச் சீனியாரிட்டிப்படி ஆறு பேர் உரிமை கொண்டாடினார்கள். அரை மணி நேரம் ஆலோசித்தபின் ராசாங்கத்தின் முகம் மலர்ந்தது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதி, அய்யம்பெருமாள் முன்னால் நீட்டினார்.

'ஐயா, கிருமியாகிய நான் என் சொந்தக் காரணங்களை முன்னிட்டு மேற்படி பதவியிலிருந்து இன்று பிற்பகல் முதல் என் முழு மனதுடன் ராஜினாமா செய்கிறேன்.'

"கையெழுத்துப் போடு" என்றார்.

அய்யம்பெருமாள் போட்டான். பெருவிழுங்கி முதல் மாஸ்ட் செல் வரை எல்லாரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். நோய் எதிர்ப்புப் படையின் அயராத நடவடிக்கையால் கிருமி தானாகவே பதவி விலகியது என்று அறிக்கை போனது. வட்டாரத்துக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்ததாகக் கேள்வி.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போனது. அம்சவள்ளி அழுது ஓய்ந்து மலர்க்கொடியின் மடியில் தூங்கினாள். கொஞ்ச நேரத்தில் மலர்க்கொடி திடுக்கிட்டு அவன் தோளைப் பிடித்தாள்.

"ஏங்க! புள்ளைக்கு உடம்பு சுடுதுங்க. தொடை வேற வீங்கியிருக்கு, பாருங்க!"

ஊசி போட்ட இடம் சுடும், வீங்கும், காய்ச்சல் வரும், ரெண்டு நாள்ல சரியாப் போயிடும், உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம் என்று பத்ருன்னிசா ஒவ்வொரு தாயிடமும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அய்யம்பெருமாள் முரட்டுக் கையை மெதுவாக அந்தச் சின்னத் தொடையில் வைத்தான். கதகதவென்று இருந்தது. வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? காய்ச்சல்ங்கறேன், சிரிக்கிறீங்க?"

"ஆரம்பிச்சுட்டாங்க புள்ள! ஊசி போட்டு நாலு மணி நேரங்கூட ஆவல, அதுக்குள்ள எல்லாரும் வேலைக்கு வந்துட்டாங்க."

மலர்க்கொடி குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பயம் கொஞ்சம் இறங்கியது.

"அங்க யாருங்க மேற்பார்வை?"

"ஒருத்தரும் இல்ல போலருக்கு" என்றான் அய்யம்பெருமாள். "அதான் நடக்குது."